சன்ரைஸ் பலூன் ரைடு... அதில் முதன்முதலில் பறந்தவரின் கதை தெரியுமா?

துருக்கியின் கப்படோக்கியா ரீல்ஸை ஒருமுறையாவது பார்க்காமல் இன்ஸ்டாவைக் கடந்திருக்க முடியாது. இன்னும் முழுசாக விடியாத வானம், கூம்பு கூம்பாக நிற்கும் பாறைகள், அவற்றுக்கு மேலே நூற்றுக்கணக்கில் மிதக்கும் கலர் கலர் பலூன்கள். அந்தக் கூடைக்குள் நின்று சூரியன் எழுவதைப் பார்க்கணும் என்பது பலரின் பக்கெட் லிஸ்ட்டில் இருக்கும். அவ்வளவு தூரம் போக முடியாது என்பவர்களுக்கு, பொங்கல் சமயத்தில் பொள்ளாச்சியில் நடக்கும் பலூன் திருவிழா இருக்கவே இருக்கிறது.

ஆனால், இந்த ரைடு புக் செய்தவர்களில் பலருக்கு ஓர் ஏமாற்றமும் காத்திருக்கும். அலாரம் வைத்து அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு ரெடியாகி நிற்கும்போது, இன்னிக்குக் காற்று சரியில்லை, ரைடு கேன்சல் என்று ஒரு மெசேஜ் வரும். கடுப்பாகத்தான் இருக்கும். அந்த மெசேஜின் மதிப்பு புரியணும்னா, 240 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு பிரெஞ்சு இளைஞரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெப்பக்காற்று பலூனில் கயிறு எதுவும் இல்லாமல் முதன்முதலில் பறந்தவர்களில் ஒருவர் அவர். பெயர், பிலாத்ர் த ரோசியே. நாம் சுருக்கமாக ரோசியே என்றே சொல்லிக்கொள்வோம்.

விடுதிக்காரர் மகன்

1754-ம் ஆண்டு மார்ச் 30-ம் தேதி, பிரான்ஸின் மெட்ஸ் நகரத்தில் பிறந்தார் ரோசியே. அப்பா முன்னாள் ராணுவ வீரர். பிறகு விடுதி நடத்தியவர். மெட்ஸ், ராணுவம் முகாமிட்டிருந்த ஊர். அங்கிருந்த ராணுவ மருத்துவமனையில் மருந்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ரோசியேவுக்கு வேதியியல் மேல் ஆசை வந்தது.

பதினெட்டு வயதில் பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார். பிறகு ரெய்ம்ஸ் நகரில் இயற்பியலும் வேதியியலும் கற்றுக்கொடுத்தார். ஆள் பேச்சில் கெட்டிக்காரர். எவ்வளவு கஷ்டமான விஷயத்தையும் சுவாரஸ்யமாகச் செய்துகாட்டத் தெரிந்தவர். அரசர் பதினாறாம் லூயியின் தம்பிக்கு அவரைப் பிடித்துப்போக, அரச குடும்ப வட்டாரத்துக்குள் நுழைந்தார். 1781 டிசம்பரில் பாரிஸில் சொந்தமாக ஒரு அறிவியல் கூடத்தையே திறந்தார். பணக்காரர்களும் பிரபுக்களும் அங்கே வந்து சோதனைகளை வேடிக்கை பார்த்தார்கள். ஹைட்ரஜனை வாயில் இழுத்து, நெருப்பின் மேல் ஊதிக் காட்டுவாராம். தயவுசெய்து வீட்டில் ட்ரை செய்யாதீர்கள்! விஷவாயு உள்ள இடங்களுக்குள் பாதுகாப்பாகப் போய்வர ஒரு சுவாசக் கருவியையும் அவர் உருவாக்கினார்.

இன்றைக்கு இருந்திருந்தால், மில்லியன் சப்ஸ்கிரைபர்ஸ் உள்ள சயின்ஸ் யூடியூபராக இருந்திருப்பார்.

ஆடு, வாத்து, சேவல்... அடுத்து யார்?

1783-ம் ஆண்டு ஜூன் மாதம். தெற்கு பிரான்ஸில் உள்ள அனோனே என்ற ஊரில், காகிதத் தொழில் செய்துவந்த மான்ட்கோல்பியர் சகோதரர்கள் ஒரு பெரிய துணிப்பையை நெருப்புப் புகையால் நிரப்பி வானத்தில் ஏற்றிக் காட்டினார்கள். புகைக்குத்தான் தூக்கும் சக்தி இருக்கிறது என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் வேலையைச் செய்தது சூடான காற்று. சூடானால் காற்று விரியும், லேசாகும், மேலே போகும். அவ்வளவுதான் விஷயம்.

செப்டம்பர் 19-ம் தேதி வெர்சாய் அரண்மனையில், அரசர் முன்னிலையில் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவலைக் கூண்டில் வைத்துப் பறக்கவிட்டார்கள். மூன்றும் உயிரோடு தரையிறங்கின. அடுத்தது மனிதன்தான்.

ஆனால் யார் போவது? மேலே போனால் மூச்சு விட முடியுமா என்றுகூட யாருக்கும் தெரியாத காலம். மரண தண்டனைக் கைதிகளை அனுப்பிப் பார்க்கலாம் என்பது அரசரின் யோசனை. ரோசியேவுக்கு அது பொறுக்கவில்லை. மனிதன் முதன்முதலாக வானத்தைத் தொடும் பெருமை ஒரு குற்றவாளிக்குப் போகலாமா என்று வாதாடினார். அரண்மனையில் செல்வாக்கு உள்ள தார்லாந்த் பிரபுவும் அவரோடு சேர்ந்துகொள்ள, அரசர் ஒருவழியாகச் சம்மதித்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ரோசியே எடுத்தவுடனே குதித்துவிடவில்லை. அக்டோபர் 15-ம் தேதி, பலூனைக் கயிற்றால் தரையோடு கட்டிவைத்து, சுமார் 25 மீட்டர் உயரம் மட்டும் ஏறிப் பார்த்தார். அடுத்தடுத்த நாள்களில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உயரத்தைக் கூட்டினார். எவ்வளவு தீ போட்டால் எவ்வளவு ஏறும், தீயைக் குறைத்தால் எப்படி இறங்கும் என்று பழகிக்கொண்டார்.

அந்த 25 நிமிடங்கள்

1783 நவம்பர் 21. பாரிஸின் மேற்குப் பக்கம் லா முயெத் மாளிகைத் தோட்டம். நீலத்தில் தங்க வேலைப்பாடுகள் செய்த பிரமாண்டமான பலூன். முதலில் கயிற்றில் கட்டிச் சோதித்தபோதே காற்று பலூனைத் தரையில் மோதவிட்டுக் கிழித்துவிட்டது. அவசர அவசரமாகத் தைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி ரெடி. மதியம் கிட்டத்தட்ட இரண்டு மணிக்கு, ரோசியேவும் தார்லாந்த்தும் ஏறினார்கள். கயிறு அவிழ்ந்தது.

எடை சமமாக இருக்க, பலூனின் அடியில் வட்டமாக இருந்த நடைமேடையில் ஆளுக்கு ஒரு பக்கம் நிற்க வேண்டும். நடுவில் நெருப்பு. வைக்கோலை அள்ளி அள்ளித் தீயில் போட்டால்தான் பலூன் மேலே நிற்கும். ஆனால் தார்லாந்த், கீழே தெரிந்த பாரிஸ் நகரத்தையும் ஆற்றையும் பார்த்து மெய்ம்மறந்து நின்றுவிட்டார். தீயைக் கவனிக்கச் சொல்லி ரோசியே அவரை விரட்ட வேண்டியிருந்தது. ஆக, பலூனில் ஏறி வியூவில் மயங்கி நிற்பது நம்ம ஜெனரேஷன் கண்டுபிடித்தது இல்லை!

பறந்துகொண்டிருக்கும்போதே நெருப்புப் பொறி பட்டுத் துணியில் ஓட்டைகள் விழுந்தன. கையோடு கொண்டுபோயிருந்த ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி அணைத்தார்கள். சுமார் 25 நிமிடங்களில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் கடந்து, அப்போது ஊருக்கு வெளியே இருந்த புட்-ஓ-காய் மேட்டில், காற்றாலைகளுக்கு நடுவே பத்திரமாக இறங்கினார்கள். மனிதன் பறந்துவிட்டான். அன்று பாரிஸில் இருந்த அமெரிக்க விஞ்ஞானி பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அதைக் கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர்.

ரோசியேவுக்கு அப்போது வயது 29.

புகழும் போட்டியும்

சரியாகப் பத்தே நாள். டிசம்பர் 1-ம் தேதி, ஜாக் சார்லஸ் என்ற விஞ்ஞானி ஹைட்ரஜன் நிரப்பிய பலூனில் பறந்து காட்டினார். பள்ளியில் படித்த சார்லஸ் விதி ஞாபகம் இருக்கிறதா? அதே சார்லஸ்தான். ஹைட்ரஜன் பலூனுக்கு நெருப்பு வேண்டாம், வைக்கோல் வேண்டாம், அதிக நேரம் பறக்கும். இப்போது வெப்பக்காற்று அணி, ஹைட்ரஜன் அணி என்று இரண்டு அணிகள்.

ரோசியே சளைக்கவில்லை. 1784 ஜூன் 23-ம் தேதி, வெர்சாயிலிருந்து வேதியியலாளர் ஜோசப் ப்ரூஸ்ட்டோடு கிளம்பினார். மாறா விகித விதி தந்த ப்ரூஸ்ட்தான் இவர். அரசி மரி அந்துவானெத் பெயர் சூட்டப்பட்ட அந்த பலூன், சுமார் 3,000 மீட்டர் உயரத்தைத் தொட்டு, 50 கிலோமீட்டருக்கு மேல் பயணித்தது. கரி படிந்த கையோடு வைக்கோல் அள்ளிப் போட்டு இவ்வளவு உயரம் போனது சாதாரண விஷயமில்லை.

அடுத்த கனவு, ஆங்கிலக் கால்வாய். பிரான்ஸிலிருந்து பறந்து கடலைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்க வேண்டும். அரசாங்கமே பணம் கொடுத்தது. ஆனால், அங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது இங்கிலாந்துப் பக்கமிருந்துதான் வீசும். பிரான்ஸிலிருந்து போவது எதிர்நீச்சல் மாதிரி. வருஷத்தில் சில நாள்கள் மட்டுமே காற்று சாதகமாக இருக்கும்.

இதற்காக ரோசியே புதுசாக ஒரு டிசைன் யோசித்தார். மேலே ஹைட்ரஜன் நிரப்பிய உருண்டை. கீழே உருளை வடிவில் வெப்பக்காற்றுப் பகுதி. ஹைட்ரஜன் பலூனைத் தூக்கிப் பிடிக்கும். கீழே தீயைக் கூட்டிக் குறைத்தால், ஏறுவதும் இறங்குவதும் நம் கையில். எந்த உயரத்தில் சாதகமான காற்று இருக்கிறதோ, அந்த உயரத்துக்குப் போய்க்கொள்ளலாம். ஐடியா செம. ஒரே ஒரு பிரச்னை. ஹைட்ரஜன் குப்பென்று பற்றிக்கொள்ளும் வாயு. அதற்கு அடியிலேயே நெருப்பு.

காத்திருந்த மாதங்கள்

பூலோன் கடற்கரையில் பலூனோடு ரோசியே காத்திருந்தபோது, அந்தச் செய்தி வந்தது. 1785 ஜனவரி 7-ம் தேதி, பிளான்ஷார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், டாக்டர் ஜெஃப்ரிஸ் என்பவரோடு இங்கிலாந்திலிருந்து கிளம்பிக் கால்வாயைக் கடந்துவிட்டார். பலூன் கீழே இறங்க இறங்க, எடையைக் குறைக்க உடுத்தியிருந்த துணிகளைக்கூடக் கழற்றிக் கடலில் வீசினார்கள் என்றாலும், ஜெயித்தது ஜெயித்ததுதான்.

ரோசியேவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். முதல் ஆள் என்ற பெருமை கைநழுவிவிட்டது. அரசாங்கத்தின் பணம் செலவாகிவிட்டது. ஊர் கேள்வி கேட்கிறது. பின்வாங்கவும் வழியில்லை. மாதங்கள் ஓடின. காற்று சாதகமாகவே இல்லை. வெயிலும் மழையும் கடற்காற்றும் பலூன் துணியைப் பாழாக்கிக்கொண்டிருந்தன.

1785 ஜூன் 15, காலை சுமார் ஏழு மணி. பலூனைக் கட்டுவதில் கூட இருந்த பியர் ரோமைனும் ரோசியேவும் ஏறினார்கள். கடைசி நேரத்தில் ஒரு பிரபு, தானும் வருகிறேன் என்று ஆசைப்பட்டார். வானிலையையும் நம்ப முடியாது, பலூனையும் நம்ப முடியாது என்று சொல்லி ரோசியே அவரை ஏற்ற மறுத்ததாகச் சொல்வார்கள். அந்த மறுப்பால் ஓர் உயிர் தப்பியது. ஆனால் அதே பதிலைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள அவரால் முடியவில்லை.

பலூன் முதலில் கடலை நோக்கி நகர்ந்தது. பிறகு காற்று திசைமாறி, மறுபடி நிலத்துப் பக்கமே தள்ளியது. பறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. மேலே இருந்த வாயுப்பை திடீரென்று சுருங்கியது. சுமார் 450 மீட்டர் உயரத்திலிருந்து, விம்ரோ என்ற இடத்துக்கு அருகே பலூன் விழுந்தது. இருவருமே உயிரிழந்தார்கள். வானத்தில் முதலில் பறந்த மனிதரே, வான் விபத்தில் முதலில் இறந்தவர்களில் ஒருவராகவும் ஆனார். அப்போது ரோசியேவுக்கு வயது 31.

அவர் டிசைன் தோற்கவில்லை

ரோசியேவின் ஐடியா அவரோடு புதைந்துவிடவில்லை. பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜனுக்குப் பதில், தீப்பிடிக்காத ஹீலியம் வந்ததும் அந்த டிசைன் மறுபிறவி எடுத்தது. 1999 மார்ச்சில், பெர்ட்ரண்ட் பிக்கார்டும் பிரையன் ஜோன்ஸும் பலூனிலேயே நிற்காமல் உலகத்தைச் சுற்றிவந்தார்கள். அந்த பலூன் மேலே ஹீலியம், கீழே வெப்பக்காற்று என்ற அதே ரகம். அந்த ரகத்துக்கு இன்றைக்கும் பெயர், ரோசியே பலூன்.

நீங்கள் ஏறப்போகும் டூரிஸ்ட் பலூன் அந்த ரகம் இல்லை. முழுக்க வெப்பக்காற்றுதான். வைக்கோலுக்குப் பதில் புரொப்பேன் பர்னர், துணி-காகிதத்துக்குப் பதில் நைலான். ஆனால் ஒன்று மட்டும் மாறவே இல்லை. அதில் ஸ்டீயரிங் கிடையாது. ஏறலாம், இறங்கலாம். பக்கவாட்டில் எங்கே போகணும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்யும்.

விடியற்காலையில் பறப்பதற்குக் காரணமும் இதுதான், வெறும் போட்டோவுக்காக இல்லை. இரவு முழுக்கக் குளிர்ந்த தரை மேல் காலையில் காற்று அமைதியாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் தரை சூடாகி, காற்று குபுகுபுவென மேலெழும்பி பலூனை ஆட்டிவைக்கும். வெளிக்காற்று குளிர்ச்சியாக இருந்தால், குறைந்த சூட்டிலேயே பலூன் எழும்பும் என்பது கூடுதல் லாபம்.

அதனால்தான் பைலட்டுகள் கிளம்பும் முன் ஒரு சின்ன பலூனைப் பறக்கவிட்டுக் காற்றின் போக்கைப் பார்ப்பார்கள். கப்படோக்கியாவில் பறக்கலாமா, வேண்டாமா என்பதை முடிவு செய்வது விமானப் போக்குவரத்து அதிகாரிகள். அவர்கள் வேண்டாம் என்றால் அன்று ஒரு பலூனும் எழும்பாது. எத்தனை பேர் பணம் கட்டியிருந்தாலும் சரி. ஆசை, பணம், ஊரார் பேச்சு எல்லாம் ஒரு பக்கம் அழுத்தும்போது, வேண்டாம் என்று சொல்லும் அந்தச் சுமை பறக்கப்போகிறவர் தலையிலேயே விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பூலோன் கடற்கரையில் ரோசியேவுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

அதனால், ட்ரிப் பிளான் செய்யும்போது பலூன் ரைடைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். போய் இறங்கிய மறுநாள் காலைக்கே புக் செய்துவிடுங்கள். கேன்சல் ஆனால் அடுத்த நாள் இருக்கும். கேன்சல் ஆனால் பணம் திரும்ப வருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் காற்று ஒத்துழைக்கவில்லையா? பைலட்டிடம் கொஞ்சம் காற்றுதானே என்று கெஞ்சாதீர்கள். ஒரு டீயைக் குடித்துவிட்டு, சூரிய உதயத்தைத் தரையில் நின்றே பாருங்கள். பலூன் நாளைக்கும் பறக்கும்.