விதைத்தவர் காணாத விளைச்சல்

1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், நாகபுரியில் ஒரு பஞ்சாலை தொடங்கப் பெற்றது. விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட நாளும் அதுவே. ஆகவே ஆலைக்கு எம்பிரஸ் மில் என்று பெயரிட்டனர். ஆலைகளெல்லாம் பம்பாயில் குவிந்திருக்க, இம்மனிதர் ஏன் நாகபுரிக்குப் போய்ப் பணத்தைப் புதைக்கிறார் என்று நகைத்தவர் பலர். பருத்தி விளையும் நிலம் அருகில் இருந்தது. நிலக்கரியும் தொலைவில் இல்லை. நகைத்தவர்கள் காணாததை ஜாம்செட்ஜி டாட்டா கண்டார்.

அவர் 1839 மார்ச் 3ஆம் நாள் குஜராத்தில் உள்ள நவ்சாரியில், பார்சி குருமார் குடியில் பிறந்தவர். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் 1858இல் படிப்பை முடித்துத் தந்தையின் வாணிகத்தில் சேர்ந்தார். வாழ்க்கை அவருக்குக் கற்பித்த முதற்பாடம் தோல்வியே. அமெரிக்க உள்நாட்டுப் போரால் ஏறிய பருத்தி விலை, 1865இல் போர் முடிந்ததும் சரிந்தது. குடும்ப வாணிகமும் உடன் சரிந்தது. அப்போது இங்கிலாந்தில் இருந்த இளைஞர், கடன் கொடுத்தவர்கள்முன் கணக்கை மறைக்காது விரித்து வைத்தார்; அவர்களுடைய நம்பிக்கையைப் பெற்றார். 1868இல் 21,000 ரூபாய் முதலுடன் தம் சொந்த வாணிகத்தைத் தொடங்கினார். நொடித்துப்போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப் பஞ்சாலையாக்கி, ஆதாயத்துக்கு விற்றார். பிறகும் உடனே பெரிய ஆலை கட்டிவிடவில்லை. லங்காஷயர் சென்று நூற்புத் தொழிலை நேரிற் கண்டு கற்றார். முதலில் கல்வி, பிறகே முதலீடு. இதுவே அவர் வழி.

ஆட்களைத் தேர்வதிலும் அவ்வாறே. எம்பிரஸ் மில்லின் நிர்வாகத்தை அவர் ஒப்படைத்த பெசன்ஜி மேத்தா, ரயில்வேயின் சரக்குப் பிரிவிலிருந்து வந்தவர். பஞ்சாலை அனுபவம் இல்லாதவர். கற்கும் திறம் உடையவனுக்கு அனுபவம் தானே வரும் என்பது டாட்டாவின் துணிபு. தெரிந்து வினையாடல் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார் அல்லவா? அதன் பொருள் நாகபுரியில் விளங்கிற்று. ரிங் பிரேம் என்ற புதுவகை நூற்பு எந்திரத்தை லங்காஷயரே ஏற்கத் தயங்கிய காலத்தில், 1883இல் அதனை இங்கே சோதித்துப் பார்த்தனர். எந்திரம் மாறினால் வேலை மாறும். வேலை மாறினால் தொழிலாளியின் நிலை என்ன? அதையும் அவர் எண்ணினார். சட்டம் எதுவும் வற்புறுத்தாத நாளிலேயே, 1886இல் ஓய்வூதிய நிதியும் 1895இல் விபத்து இழப்பீடும் அவ்வாலையில் வந்தன.

அவர் தொட்டதெல்லாம் துலங்கவில்லை. 1893இல் வெளிநாட்டுக் கப்பற் கம்பெனிகளின் கட்டணக் கொள்ளையை எதிர்த்துத் தாமே கப்பல் விட்டார். எதிரிகள் கட்டணத்தை அடியோடு குறைத்தனர்; கூட நின்ற வணிகரும் நழுவினர்; கப்பல் நின்றது. எனினும் கனவு நிற்கவில்லை.

இரும்பும் மின்சாரமும் இல்லாத நாடு என்றும் பிறர்க்குப் பஞ்சு விற்கும் நாடாகவே இருக்கும் என்று அவர் உணர்ந்தார். ஆனால் உருக்காலையை யார் நடத்துவது? அயல்நாட்டாரையே என்றும் நம்பியிருப்பதா? ஆகவே 1892இலேயே, மேல்படிப்புக்கு வெளிநாடு செல்லும் மாணவர்க்குக் கடன் உதவும் நிதி ஒன்றை நிறுவினார். 1898இல் ஆராய்ச்சிக் கல்வி நிலையம் ஒன்றுக்காக 30 லட்சம் ரூபாய் மதிப்புள்ள சொத்தை அளிக்க முன்வந்தார். படிக்க மாணவர் உண்டா, படித்தபின் வேலை உண்டா என்று கர்சன் பிரபு ஐயுற்றார். கோப்புகள் ஆண்டுக்கணக்கில் அலைந்தன. வேலை வரட்டும், பிறகு படிப்போம் என்பது அரசின் கணக்கு. படித்தவர் வந்தால் வேலை பிறக்கும் என்பது டாட்டாவின் கணக்கு.

1902இல், ஏறத்தாழ அறுபத்து மூன்று வயதில், உருக்குத் தொழிலை அறிய அமெரிக்கா சென்றார். ஆலைக்கு இடம்கூடக் கிடைக்காத அந்நாளிலேயே, தொழிலாளர் நகரத்தில் அகன்ற சாலையும் நிழல்மரமும் விளையாட்டுத் திடலும் எல்லாச் சமயத்தார்க்கும் வழிபாட்டிடமும் வேண்டும் என்று மகனுக்கு எழுதினார்.

1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியில் அவர் உயிர் பிரிந்தது. அன்று உருக்காலை இல்லை. கல்வி நிலையம் இல்லை. மின் நிலையமும் இல்லை. மூன்றும் தாளிலேயே இருந்தன. எனினும் அவர் தேர்ந்து பழக்கிய மனிதர் இருந்தனர். மைசூர் அரசு 371 ஏக்கர் நிலம் வழங்க, 1911இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மாணவர் அடியெடுத்து வைத்தனர். 1912இல் சாக்சியில் உருக்கு வார்க்கப்பட்டது. அவ்வூரே 1919இல் ஜாம்ஷெட்பூர் ஆயிற்று. 1915இல் மலைமேல் தேக்கிய மழைநீரின் மின்சாரம் பம்பாய் ஆலைகளை இயக்கிற்று.

நண்பர்களே, எந்திரம் மாறும் காலத்தில் நாம் முதலில் கேட்பது, நமக்கு வேலை கிடைக்குமா என்பதே. கேட்பதில் தவறில்லை. அத்துடன், அவ்வேலையைப் பிறப்பிக்க நாம் கற்றிருக்கிறோமா என்றும் கேட்கச் சொல்கிறது இவ்வாழ்க்கை. டாட்டா மாணவர்க்கு அளித்தது இனாம் அன்று, கடன். ஒருவர் திருப்பித் தந்த பணம் அடுத்தவர் படிப்புக்கு ஆயிற்று. கற்ற கல்வியும் அத்தகைய கடன்தான். நமக்குப்பின் வருவோர்க்கு அதனை அடைத்தாக வேண்டும்.