கொட்டகையில் பிறந்த லோட்டஸ்

பழைய புரோட்டோன் கார்கள் சிலவற்றின் பின்புறத்தில் லோட்டஸ் என்ற பெயர் பொறித்த சிறு பட்டையைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1996 முதல் 2017 வரை நம் புரோட்டோனின் வசம் இருந்தது. அதைத் தொடங்கிய காலின் சேப்மன் தமது முதல் காரைக் கட்டியபோது அவருக்கு வயது இருபதுதான். ஏறக்குறைய நம் வயது!

சேப்மன் 1928 மே 19ஆம் நாள் லண்டனை அடுத்த ரிச்மண்டில் பிறந்தார். அவருடைய தந்தை ஹார்ன்சி என்ற இடத்தில் ஒரு மதுவிடுதியை நடத்தி வந்தார். சேப்மன் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். படித்துக்கொண்டே நண்பர் ஒருவருடன் சேர்ந்து பழைய கார்களை வாங்கி விற்றார். போருக்குப் பிந்திய காலம் அது. 1947இல் பெட்ரோல் பங்கீடு நிறுத்தப்பட்டதும் கார்களை வாங்க ஆளில்லாமல் போனது. வியாபாரம் படுத்தது. விற்காமல் எஞ்சிய பழைய ஆஸ்டின் செவன் கார் ஒன்றை என்ன செய்வது?

அவர் அதைப் பிரித்துப் போட்டார். காதலி ஹேசலின் பெற்றோர் வீட்டுப் பின்புறக் கொட்டகைதான் பட்டறை. விமானங்களைப் போல் மெல்லிய அலுமினியம் ஒட்டிய பலகையால் புதிய உடல் கட்டினார். 1948இல் உருவான அந்தக் காருக்கு லோட்டஸ் என்று பெயரிட்டார், அதாவது தாமரை. அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை அவர் கடைசிவரை வெளியில் சொல்லவே இல்லை.

1952இல் ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டில் லோட்டஸ் நிறுவனம் தொடங்கியது. தந்தையின் விடுதிக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம்தான் முதல் தொழிற்சாலை. 1954இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

1957இல் வந்த லோட்டஸ் செவன் அவர் பெயரை வீடு வீடாகக் கொண்டு சென்றது. அக்காலத்தில் இங்கிலாந்தில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. தனித்தனிப் பாகங்களாக வாங்கினால் இல்லை. எனவே சேப்மன் காரைப் பாகங்களாகவே விற்றார். வாங்கியவர் தம் வீட்டில் தாமே கட்டிக்கொள்ள வேண்டும். பொருத்தும் முறையைச் சொல்லும் குறிப்பும் கூடவே கொடுத்தால் வரி வந்துவிடும். அதனால் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, அதைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னார்களாம்.

செவனில் கதவு இல்லை, ஆடம்பரம் இல்லை. எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே அலுமினியத் தகடு, ஒரு சிறிய எஞ்சின். எடை அரை டன்னுக்கும் குறைவு. எடையைக் குறைத்தால் சிறிய எஞ்சினும் வேகமாக ஓடும், வளைவில் கார் கைக்கு அடங்கும் என்பதே சேப்மனின் கொள்கை. ஒரு பாகம் இரண்டு வேலை செய்ய முடிந்தால் இரண்டாவது பாகம் அவருக்கு வேண்டாம்.

ஆனால், எடையைக் குறைப்பதற்கும் ஒரு விலை இருந்தது. கனமான காரில் ஒரு பாகம் கொஞ்சம் தேய்ந்தாலும் தாங்கும். மெல்லிய காரில் அந்த இடைவெளி இல்லை. 1960இல் வந்த இரண்டாம் வரிசை செவனில் பின் அச்சைப் பிடிக்க முக்கோண வடிவில் ஒரே தாங்கியை வைத்தார்கள். அச்சின் உறை அந்த அழுத்தத்தைத் தாங்காமல் எண்ணெய் கசிந்தது.

இதனால்தான், வீட்டில் செவன் கட்டியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் குளிர்காலத்தில், காரை உயர்த்தி நிறுத்தி முழுக்கச் சோதிப்பது வழக்கம். ஒவ்வொரு போல்ட்டையும் உரிய அளவுக்கு இறுக்கி, அதன் மேல் வண்ணக் கோடு போடுவார்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்துவிட்டது என்று பொருள். சக்கரத்தை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்கள். எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு பிடிக்கும். அங்கே ரிவிட்டுகளைத் தட்டிப் பார்ப்பார்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கலந்த எண்ணெய் சூடானால் கொதித்து, பிரேக் பிடிக்காமல் போகும். ஆகவே, பார்க்க நன்றாக இருந்தாலும் அதை மாற்றிவிடுவார்கள்.

பந்தயத் திடலில் இந்த விலை உயிராகவே கேட்கப்பட்டது. 1960இல் பெல்ஜியத்தின் ஸ்பா திடலில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சக்கரம் கழன்றது. அவருடைய இரு கால்களும் முறிந்தன. 1970இல் இத்தாலியின் மோன்சாவில் யோகன் ரிண்ட் உயிரிழந்தார். முன் பிரேக்கின் தண்டு முறிந்ததே விபத்தின் தொடக்கம் என்று கருதப்படுகிறது. அவ்வாண்டின் உலக வெற்றியாளர் பட்டம், மறைந்த பிறகே அவருக்குக் கிடைத்தது. லோட்டஸ் கார்கள் வேகமானவை, ஆனால் உடையக்கூடியவை என்ற பேச்சு சேப்மனை விட்டுப் போகவில்லை.

அவர் சாதனையையும் மறுக்க முடியாது. 1962இல் அவர் அறிமுகப்படுத்திய லோட்டஸ் 25, குழாய்ச் சட்டத்துக்குப் பதிலாகக் காரின் உடலையே சட்டமாக்கியது. அதில்தான் ஜிம் கிளார்க் 1963இல் உலக வெற்றியாளரானார். லோட்டஸ் ஏழு முறை ஃபார்முலா ஒன் தயாரிப்பாளர் பட்டத்தை வென்றது. 1970களின் இறுதியில், காரின் அடியில் ஓடும் காற்றாலேயே காரைத் தரையோடு அழுத்தும் வழியையும் சேப்மனின் குழு பந்தயத்துக்குக் கொண்டு வந்தது.

1982 டிசம்பர் 16ஆம் நாள் மாரடைப்பால் அவர் காலமானார். வயது 54. டிலோரியன் கார் திட்டத்தின் பண விவகாரம் அப்போது அவரைச் சூழ்ந்திருந்தது. அந்தக் கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லவே இல்லை.

செவன் மட்டும் சாகவில்லை. 1973இல் அதன் உரிமையைக் கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது. இன்றும் அதைப் பாகங்களாக வாங்கி வீட்டில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

பொறியியல் படிக்கும் நண்பர்களே, சேப்மனிடமிருந்து துணிவைக் கற்றுக்கொள்வோம். விற்காத பழைய காரிலிருந்து ஒரு நிறுவனத்தையே எழுப்பியவர் அவர். அதே வேளையில், ஆண்டுதோறும் கையில் ஸ்பேனருடன் காருக்கு அடியில் படுக்கும் அந்தப் பெயர் தெரியாத செவன் உரிமையாளர்களிடமிருந்தும் கற்றுக்கொள்வோம். ஒரு பொருளைக் கட்டுவது ஒருமுறை வேலை. அதை நம்பி ஒருவரை உட்கார வைக்க வேண்டுமானால், ஒவ்வோர் ஆண்டும் பார்க்க வேண்டும்.