களைத்த மண்ணுக்கு உயிர் கொடுத்தவர்

கச்சானை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். வறுத்தும் அவித்தும் கொறிக்கும் அந்தச் சிறு பருப்போடு சேர்த்து உலகம் நினைவுகூரும் மனிதர் ஒருவர் உண்டு. அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்து, ஏழைக் கமக்காரரின் வயலையும் அடுப்படியையும் ஒருங்கே நினைத்து வாழ்ந்தவர் அவர். ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பது அவர் பெயர்.

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், டயமண்ட் என்னும் சிற்றூருக்கு அருகே, ஏறத்தாழ 1864ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். அடிமைப் பிள்ளைகளின் பிறந்த நாளை எழுதிவைப்பார் இல்லாத காலம் அது. அவருடைய தாய் மேரியை மோசஸ் கார்வர் என்ற கமக்காரர் விலைகொடுத்து வாங்கியிருந்தார். ஜோர்ஜ் கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் கூட்டமொன்று தாயையும் பிள்ளையையும் கவர்ந்து சென்றது. தேடிச் சென்றவரால் பிள்ளையை மட்டுமே மீட்க முடிந்தது. அதற்கு ஈடாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டதாகச் சொல்வர். தாய் திரும்பவேயில்லை. 1865இல் அடிமை முறை ஒழிந்த பின்னர், மோசஸும் மனைவி சூசனும் ஜோர்ஜையும் அவர் அண்ணனையும் தம் வீட்டிலேயே வைத்து வளர்த்தனர்.

உடல் மெலிந்த அச்சிறுவனுக்குக் கடினமான வயல்வேலை ஒத்துவரவில்லை. ஆகவே சமையலையும் தையலையும் தோட்டவேலையையும் கற்றுக்கொண்டான். வாடிய செடிகளைத் தேற்றுவதில் அவனுக்கிருந்த கைராசியைக் கண்ட அயலவர், செடி வைத்தியன் என்றே அவனை அழைத்தனர். அருகிலிருந்த பள்ளிக்கூடம் வெள்ளையருக்கு மட்டுமே உரியது. எனவே கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியைத் தேடி நியோஷோ என்னும் ஊருக்குப் போனான். உடுப்புக் கழுவியும் சமைத்துக் கொடுத்துமே படித்தான். கல்லூரியொன்று கடிதத்தில் இடம் தருவதாக அறிவித்துவிட்டு, நேரில் வந்தவரின் நிறத்தைக் கண்டதும் கதவை அடைத்தது. ஆயினும் அவர் மனம் உடைந்துவிடவில்லை. 1890இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியம் பயின்றார். செடிகொடிகளை அவர் வரைந்த நுணுக்கத்தைக் கண்ட ஆசிரியை ஒருவர் விவசாயக் கல்விக்கு அவரைத் தூண்டினார். அயோவா விவசாயக் கல்லூரியின் முதற் கறுப்பின மாணவராகச் சேர்ந்து, 1894இல் பட்டமும் 1896இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

அதே 1896இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகிக் கல்வி நிலையத்திலிருந்து புக்கர் ரி. வாஷிங்டன் அவரை அழைத்தார். அங்கே வந்து சேர்ந்தவர் கண்ட காட்சி என்ன? எங்கு பார்த்தாலும் பருத்தி. ஆண்டாண்டு காலமாக ஒரே பயிரை இட்டு இட்டு மண் சாரமற்றுப் போயிருந்தது. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட மக்கள், பிறர் நிலத்தில் வாரத்துக்குச் செய்து, கடைக்காரரின் கடனில் மூழ்கிக் கிடந்தனர். வீட்டு வாசற்படிவரை பருத்தி நின்றது. கறிக்கு ஒரு கீரைப்பாத்தி இல்லை. சோள மாவும் கொழுத்த பன்றியிறைச்சியும் வெல்லப்பாகுமே அவர்களின் உணவு. இத்தகைய உணவினால் வரும் பெலக்ரா நோய் அப்பகுதியில் பலரைக் கொன்றது.

பசளை வாங்கப் பணமில்லாதவனிடம் பசளை போடு என்று சொல்லிப் பயனில்லை என்பதைக் கார்வர் உணர்ந்தார். ஆகவே காசில்லாமற் கிடைப்பதை நாடினார். காட்டில் உதிர்ந்து மக்கிய இலைகளையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் வயலுக்கு இடும்படி சொன்னார். 1898இல் வெளிவந்த அவரது முதலாவது பிரசுரம், காட்டில் வீணாகும் ஓக் மரக் கொட்டைகளைக் கால்நடைகளுக்குத் தீனியாக்குவது பற்றியது. கௌபியையும் கச்சானையும் பருத்தியோடு மாற்றி மாற்றிப் பயிரிடுமாறு வற்புறுத்தினார். இப்பயிர்களின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணை வளமாக்குகின்றன. விளைவதோ வீட்டாருக்குப் புரதம் நிறைந்த உணவு. வற்றாளங் கிழங்கையும் அவர் விடாது பரிந்துரைத்தார்.

கல்லூரிக்கு வரமுடியாத கமக்காரரிடம் கல்லூரியே போகட்டும் என்று, 1906இல் கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டியொன்றை ஆயத்தஞ் செய்வித்தார். கருவிகளும் விதைகளும் ஏற்றிக்கொண்டு அவ்வண்டி கிராமம் கிராமமாகச் சென்றது. எளிய மொழியில் 44 பிரசுரங்களை எழுதினார். 1916இல் வெளியான கச்சான் பிரசுரத்தில் 105 சமையல் முறைகள் இருந்தன. கச்சான் வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்று பலர் சொல்வதுண்டு; அது சரியன்று. அவர் பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை.

அவர் சொன்னதெல்லாம் நடந்துவிட்டது என்றும் எண்ணிவிடாதீர்கள். நிலத்துக்குச் சொந்தக்காரன் பருத்தியே கேட்டான். வாரக்குடியானவன் தன் விருப்பப்படி பயிரை மாற்ற இயலவில்லை. பருத்திக் காயைத் துளைக்கும் வண்டு 1910ஆம் ஆண்டையொட்டி அலபாமாவுக்குள் நுழைந்து பயிரை அழித்த பின்னரே பலர் வேறு பயிர்களை நாடினர். 1921இல் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் கச்சானுக்காகப் பேசக் கார்வருக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அவர் பேச்சில் ஈடுபட்டு, நேரத்தை நீடித்துக்கொண்டே போனார்கள்.

புகழ் வந்தும் அவருடைய எளிமை மாறவில்லை. பழைய கோட்டில் ஒரு புதுப் பூவைச் செருகிக்கொண்டு நடப்பார். விடியுமுன் எழுந்து காட்டுக்குள் உலாவி இறைவனோடு உறவாடுவது அவர் வழக்கம். மாணவர்களுக்கு விவிலிய வகுப்பும் நடத்தினார். திருமணம் செய்யாது வாழ்ந்தவர், தம் சேமிப்பை ஆராய்ச்சிக்கென்றே விட்டுச் சென்றார். 1942இல், போர்க்காலத்தில், காட்டிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கும் கீரைகளை உண்ணும் முறைகளை எழுதி வெளியிட்டார். 1943 ஜனவரி 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவ்வாண்டிலேயே அவர் பிறந்த இடம் தேசிய நினைவிடமாக்கப்பட்டது.

வாசகர்களே, முற்றத்துச் சருகைக் கூட்டி நெருப்பு வைக்கும் முன் ஒரு கணம் இம்மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சருகை வாழையடியிலோ கத்தரிப் பாத்தியிலோ இட்டு மண்ணால் மூடிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளையும் கூடவே அழைத்துக் காட்டுங்கள்.