பறிபோன புத்தகம் மனதில் இருந்தது!

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் வாழ்க்கை

சென்னையில் இருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது ஸ்ரீபெரும்புதூர்.

இன்று அந்த ஊரின் பெயரைச் சொன்னால் தொழிற்சாலைகள்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் ஆண்டு முதல் கார்கள் தயாராகின்றன. தெற்கே ஒரகடத்தில் காரும் லாரியும் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. இரவு பகலாகத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு பஸ்கள் போகின்றன, வருகின்றன.

இந்த ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தை பிறந்தது. பெரியவன் ஆனதும், ஒரு புத்தகத்தைத் தேடிக் காஷ்மீரம் வரை நடந்தது. அந்தக் குழந்தைதான் ராமானுஜர்.

அவருடைய வாழ்க்கையை வைணவ ஆசிரியர்கள் குருபரம்பரை நூல்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நூல்கள் சொல்லும் கதை இது.

ஒரு சொட்டுக் கண்ணீர்

மரபுக் கணக்கின்படி ராமானுஜர் பிறந்தது 1017-ம் ஆண்டு, சித்திரை மாதம், திருவாதிரை நட்சத்திரம். தந்தை ஆசூரி கேசவ சோமயாஜி. தாயார் காந்திமதி அம்மையார். குழந்தைக்கு இளையாழ்வார் என்று பெயர் வைத்தார் தாய்மாமன் பெரிய திருமலை நம்பி.

பதினாறு வயதில் தஞ்சம்மாள் என்ற பெண்ணுடன் திருமணம் நடந்தது. சிறிது காலத்தில் தந்தை இறந்து போனார். குடும்பம் காஞ்சீபுரத்துக்குக் குடிபோயிற்று.

அங்கே யாதவப்பிரகாசர் என்ற பெரிய பண்டிதரிடம் பாடம் கேட்டார் இளைஞர் ராமானுஜர்.

ஒருநாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டிருந்தார். அப்போது உபநிஷதத்தில் ஒரு வாக்கியத்துக்கு ஆசிரியர் பொருள் சொன்னார். இறைவனின் கண்ணைப் பற்றிய வாக்கியம் அது. அதில் வரும் ஒரு சொல்லுக்கு, குரங்கின் பின்புறம் போல் சிவந்தது என்று பொருள் கூறினார்.

ராமானுஜரால் பொறுக்க முடியவில்லை. கண்ணீர் வந்துவிட்டது. சுடச்சுட ஒரு சொட்டு ஆசிரியரின் தொடையில் விழுந்தது. ஆசிரியர் திடுக்கிட்டுக் காரணம் கேட்டார்.

அதே சொல்லைப் பிரித்து வேறு விதமாகப் பொருள் சொன்னார் ராமானுஜர். கதிரவனால் மலர்ந்த செந்தாமரை போன்ற கண் என்பது அவர் சொன்ன பொருள்.

ஒரே சொல்தான். அன்பு இல்லாமல் படித்தவருக்குக் குரங்கு தெரிந்தது. அன்போடு படித்தவருக்குத் தாமரை தெரிந்தது!

இப்படிப் பலமுறை நடக்கவே, ஆசிரியருக்கு மாணவன் மீது கோபம் வளர்ந்தது. காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று, வழியில் கொன்றுவிடத் திட்டம் போட்டார்கள். சித்தி மகன் கோவிந்தன் அதை அறிந்து ரகசியமாக எச்சரித்தான். விந்திய மலைக் காட்டில் ராமானுஜர் தப்பினார். வேடன் வேடத்தில் வந்த பெருமாளே காஞ்சிக்கு வழி காட்டினார் என்று நூல்கள் கூறுகின்றன.

மடங்கிய மூன்று விரல்கள்

அந்தக் காலத்தில் ஸ்ரீரங்கத்தில் வைணவர்களின் தலைவராக இருந்தவர் ஆளவந்தார். அவர் ஒருமுறை காஞ்சிக்கு வந்தபோது ராமானுஜரைத் தூரத்தில் இருந்து பார்த்தார். தமக்குப் பின் வரவேண்டியவர் இவரே என்று தீர்மானித்துக் கொண்டார். ஆனால் பேசாமலே திரும்பிவிட்டார்.

ஆண்டுகள் சென்றன. ஆளவந்தார் நோயில் விழுந்தார். தம் சீடர் பெரிய நம்பியை அனுப்பி ராமானுஜரை அழைத்துவரச் சொன்னார்.

ராமானுஜர் ஓட்டமும் நடையுமாக வந்தார். காவிரிக் கரையை அடைந்தபோது பெருங்கூட்டம் எதிரே வந்தது. ஆளவந்தாரின் உடலை எடுத்து வந்துகொண்டிருந்தார்கள். ஒருநாள்கூட அவரோடு பேசக் கொடுத்து வைக்கவில்லை.

உடலை உற்றுப் பார்த்தார் ராமானுஜர். வலக்கையில் மூன்று விரல்கள் மடங்கி இருந்தன. முன்பும் இப்படித்தானா என்று கேட்டார். இல்லை என்றார்கள் சீடர்கள். ஆளவந்தாருக்கு நிறைவேறாத ஆசைகள் மூன்று இருந்தன என்றும் சொன்னார்கள்.

வியாசர் செய்த பிரம்ம சூத்திரத்துக்கு விரிவான உரை எழுதுவேன் என்றார் ராமானுஜர். ஒரு விரல் நிமிர்ந்தது. பராசரர், வியாசர் ஆகிய முனிவர்களின் பெயர் உலகில் நிலைக்கச் செய்வேன் என்றார். இன்னொரு விரல் நிமிர்ந்தது. நம்மாழ்வாரின் தமிழை எங்கும் பரப்புவேன் என்றார். மூன்றாவது விரலும் நிமிர்ந்தது.

மூன்றுமே புத்தகத்தைப் பற்றிய ஆசைகள். இறந்தவரின் ஆசையை உயிரோடு இருப்பவர் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு ராமானுஜரின் வாழ்க்கை முழுவதும் அந்த மூன்று வாக்குறுதிகளுக்காகவே சென்றது.

இல்லற வாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்டுத் துறவு மேற்கொண்டார். பின்னர் ஸ்ரீரங்கம் சென்று மடத்துக்குத் தலைவரானார்.

திருக்கோட்டியூர் நம்பியிடம் ரகசிய மந்திரம் கற்க 18 முறை நடந்தார். கற்ற மந்திரத்தை ஊராரைக் கூட்டி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். தான் ஒருவன் நரகம் போனாலும், பலர் நற்கதி அடைந்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

காஷ்மீரத்தில் ஒரு சுவடி

முதல் வாக்குறுதியை நிறைவேற்ற வேண்டும். ஆனால் அது சுலபம் அல்ல.

பிரம்ம சூத்திரம் மிகச் சிறிய வாக்கியங்களால் ஆனது. பழைய விளக்கம் இல்லாமல் பொருள் காண்பது கடினம். போதாயனர் என்ற முனிவர் எழுதிய விளக்கம் ஒன்று இருந்தது. அது காஷ்மீரத்தில் சாரதா பீடத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டார்.

அன்று அச்சு இயந்திரம் கிடையாது. ஒவ்வொரு புத்தகத்தையும் கையால் எழுதிப் பிரதி எடுக்க வேண்டும். ஒரே ஒரு சுவடி இருந்து, அதைக் கரையான் தின்றுவிட்டால் அந்தப் புத்தகமே உலகில் இல்லாமல் போய்விடும்.

காவிரிக் கரையில் இருந்து காஷ்மீரம் வரை நடந்தார் ராமானுஜர். உடன் சென்ற சீடர் கூரத்தாழ்வார். காஞ்சீபுரத்துக்கு அருகே உள்ள கூரம் என்ற ஊரில் பெரும் செல்வராக இருந்தவர். எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு ராமானுஜரிடம் வந்து சேர்ந்தவர்.

காஷ்மீர மன்னன் அவர்களை வரவேற்றான். சுவடியைத் தரச் சம்மதித்தான். ஆனால் அங்கிருந்த பண்டிதர்களுக்கு அது பிடிக்கவில்லை. சுவடியை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பும்போது, ஆட்கள் பின்தொடர்ந்து வந்தார்கள். சுவடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ராமானுஜர் இடிந்து போனார். இத்தனை தூரம் நடந்ததும் வீணா? ஆளவந்தாருக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆவது?

அப்போது கூரத்தாழ்வார் அருகில் வந்து ஆறுதல் கூறினார். பகலெல்லாம் நடந்த களைப்பில் ராமானுஜர் இரவில் உறங்குவார். அந்த நேரத்தில் கூரத்தாழ்வார் விளக்கு வைத்துச் சுவடியைப் படித்து வந்தார். முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது. இங்கேயே ஒப்பிக்கட்டுமா, காவிரிக் கரைக்குப் போய் ஒப்பிக்கட்டுமா என்று பணிவோடு கேட்டார்.

ராமானுஜர் அவரைக் கட்டித் தழுவிக் கொண்டார்.

கையில் இருந்த புத்தகத்தைத் திருடலாம். மனதில் இருந்த புத்தகத்தை யார் திருட முடியும்?

எழுதுகோல் நின்றது!

ஸ்ரீரங்கத்தில் உரை எழுதும் வேலை தொடங்கியது. ராமானுஜர் சொல்லச் சொல்லக் கூரத்தாழ்வார் எழுதினார். ஒரு நிபந்தனை இருந்தது. சொல்வது சரியில்லை என்று தோன்றினால் ஆழ்வார் எழுதாமல் நிறுத்திவிட வேண்டும்.

உயிரின் இயல்பைப் பற்றிச் சொல்லும்போது, அறிவுடையது என்று மட்டும் சொன்னார் ராமானுஜர். எழுதுகோல் நின்றுவிட்டது. குருவுக்குக் கோபம் வந்தது. சீடரைக் காலால் தள்ளியதாகக்கூடச் சொல்கிறார்கள். ஆழ்வார் பேசாமல் இருந்தார்.

பிறகு யோசித்துப் பார்த்தார் ராமானுஜர். உயிர் இறைவனுக்கு உரிமையானது என்பதைச் சொல்லாமல் விட்டது தம் பிழை என்று தெரிந்தது. சீடரிடம் வருந்தினார். பொருளைத் திருத்திச் சொன்னார். எழுதுகோல் மறுபடியும் ஓடியது.

இப்படி உருவான நூல்தான் ஸ்ரீபாஷ்யம். போதாயனர் எழுதிய பழைய விளக்கம் இன்று எங்கும் கிடைக்கவில்லை. அதை மனதில் சுமந்து வந்த ஒருவரின் துணையால் எழுதப்பட்ட ஸ்ரீபாஷ்யம் இன்றும் இருக்கிறது.

கூரத்தாழ்வாரின் மகனுக்குப் பராசரர் என்று பெயர் சூட்டினார் ராமானுஜர். அவரே பின்னாளில் பேரறிஞராக விளங்கிய பராசர பட்டர். இரண்டாவது வாக்குறுதியும் நிறைவேறியது.

தங்கையின் நேர்த்திக் கடன்

ராமானுஜர் எழுதிய ஒன்பது நூல்களும் வடமொழியில் உள்ளவை. ஆனால் அவர் வாயில் எப்போதும் இருந்தது தமிழ். ஆண்டாளின் திருப்பாவையைப் பாடிக்கொண்டே வீதியில் பிச்சைக்குப் போவார். அதனால் திருப்பாவை ஜீயர் என்றே பெயர் வந்தது.

ஒருநாள் பெரிய நம்பியின் வீட்டு வாசலில் நின்றார். நப்பின்னையைக் கதவு திறக்கும்படி அழைக்கும் பாடலை அப்போது பாடிக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் நம்பியின் மகள் அத்துழாய் வளையல் ஒலிக்கக் கதவைத் திறந்தாள். பாட்டில் உள்ள நப்பின்னையே வந்துவிட்டாள் என்று நினைத்து, அவள் காலில் விழுந்து மூர்ச்சையானார் ராமானுஜர். அவ்வளவு தூரம் பாட்டோடு ஒன்றிப் போயிருந்தார்.

ஆண்டாள் தன் பாசுரம் ஒன்றில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும், நூறு தடா அக்கார அடிசிலும் படைப்பதாக வேண்டிக்கொண்டாள். தடா என்றால் பெரிய பாத்திரம். அக்கார அடிசில் என்றால் பாலும் வெல்லமும் நெய்யும் சேர்ந்த சர்க்கரைப் பொங்கல்.

ஆண்டாள் அதைச் செய்ததாகத் தெரியவில்லை. இதைப் படித்த ராமானுஜர் சும்மா இருக்கவில்லை. மதுரைக்கு அருகே உள்ள அந்தக் கோவிலுக்குப் போனார். நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அடிசிலும் அழகருக்குப் படைத்தார். தமக்கு வெகு காலம் முந்திப் பிறந்த பெண்ணின் நேர்த்திக் கடனைத் தீர்த்தார்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றபோது, ஆண்டாள் அவரைத் தன் அண்ணனாகவே ஏற்று எதிர்கொண்டாள் என்பது வரலாறு. கோவில் அண்ணன் என்ற பெயர் ராமானுஜருக்கு இன்றும் வழங்குகிறது.

தமிழுக்கு ஓர் உரை

மூன்றாவது வாக்குறுதி நம்மாழ்வாரின் தமிழைப் பற்றியது.

அந்தத் தமிழும் ஒரு காலத்தில் மறைந்து கிடந்ததுதான். ஆளவந்தாரின் பாட்டனார் நாதமுனிகள். அவர் நம்மாழ்வாரின் பத்துப் பாடல்களை மட்டும் யாரோ பாடக் கேட்டார். ஆயிரம் பாடல்கள் உண்டு என்பது அதிலேயே தெரிந்தது. மற்றவை யாருக்கும் தெரியவில்லை. ஆழ்வார் பிறந்த குருகூருக்கே போனார். மதுரகவியாழ்வார் பாடிய 11 பாடல்களை 12,000 முறை ஓதினார். நாலாயிரம் பாடல்களையும் பெற்று வந்தார் என்பது வைணவர்களின் நம்பிக்கை.

நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் 1,102 பாடல்கள் உள்ளன. பல பாடல்களில் ஆழ்வார் பெண்ணாக மாறிப் பேசுகிறார். பிரிந்துபோன காதலனை நினைத்து ஏங்குகிறார். பறவைகளைத் தூது விடுகிறார். அந்தக் காதலன் கடவுள்.

திருமாலையாண்டானிடம் இந்தப் பாடல்களைப் பாடம் கேட்டார் ராமானுஜர். ஆசிரியர் சொல்லும் பொருளோடு வேறு பொருளும் சொல்வார். ஆளவந்தாரிடம் கேட்காத பொருள் என்று ஆசிரியர் கோபித்துப் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து சமாதானம் செய்தார். ராமானுஜர் சொன்ன பொருளை ஆளவந்தாரிடம் தாம் கேட்டதுண்டு என்று சாட்சி சொன்னார். ஒருநாளும் பேசிப் பழகாத குருவின் மனதைச் சீடர் அறிந்திருந்தார்!

திருவாய்மொழிக்கு உரை எழுதும் பொறுப்பைத் தம் தாய்மாமன் மகன் திருக்குருகைப்பிரான் பிள்ளானிடம் கொடுத்தார். பிள்ளான் எழுதிய ஆறாயிரப்படிதான் திருவாய்மொழிக்குக் கிடைத்த முதல் உரை. ஆழ்வாரின் தமிழ்ப் பாட்டுக்கும் உரை உண்டு என்று ஆயிற்று. மூன்றாவது விரலுக்குக் கொடுத்த வாக்கும் நிறைவேறியது.

கண்ணை இழந்த சீடர்

பெரும் துன்பமும் வந்தது. சோழ மன்னன் ஒருவன், தன் மதமே உயர்ந்தது என்று ராமானுஜர் கையெழுத்துப் போடவேண்டும் என ஆள் அனுப்பினான்.

கூரத்தாழ்வார் குருவின் காவி உடையைத் தாம் உடுத்திக்கொண்டு அரண்மனைக்குப் போனார். முதியவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். ராமானுஜர் வெள்ளை உடை உடுத்து மேற்கே புறப்பட்டார்.

ஆழ்வார் கையெழுத்துப் போட மறுத்தார். இருவரும் கண்களை இழந்தார்கள். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர் விட்டார். புத்தகத்தைப் படித்து மனதில் ஏற்றிய அந்தக் கண்கள் போய்விட்டன. ஆனால் படித்தது போகவில்லை. அதன் பிறகும் ஆழ்வார் துதிப் பாடல்கள் இயற்றினார்.

ராமானுஜர் கர்நாடகத்தில் மேல்கோட்டையில் சுமார் 12 ஆண்டுகள் தங்கினார். அங்கே கோவில் பணிகள் செய்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டுக் கோவிலில் நுழைய உரிமை வாங்கித் தந்தார்.

ஸ்ரீரங்கம் திரும்பியதும் கூரத்தாழ்வாரைக் கண்டு கதறி அழுதார். காஞ்சி வரதராஜரிடம் கண்ணை வேண்டிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார். ஆழ்வாரோ தமக்கு ஒன்றும் கேட்கவில்லை. தம்மைக் காட்டிக் கொடுத்த நாலூரானுக்கும் நற்கதி வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்!

அன்பர் செய்த உருவம்

ராமானுஜருக்கு வயது மிக முதிர்ந்தது. சொந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் அவருக்குச் சிலை வைக்க அன்பர்கள் விரும்பினார்கள். அவர் இருக்கும்போதே சிலை செய்து, ஆதிகேசவப் பெருமாள் கோவிலில் வைத்தார்கள். தமர் உகந்த திருமேனி என்று அதற்குப் பெயர். அவரை நேசித்தவர்கள் விரும்பிச் செய்த உருவம் என்று பொருள்.

மரபுக் கணக்கின்படி 1137-ம் ஆண்டு, 120-வது வயதில் ஸ்ரீரங்கத்தில் ராமானுஜர் மறைந்தார்.

அவருடைய கதை பலமுறை எழுதப்பட்டது. அவரைப் பற்றி இந்திரா பார்த்தசாரதி எழுதிய நாடகத்துக்கு 1999-ம் ஆண்டுக்கான சரஸ்வதி சம்மான் விருது கிடைத்தது. 2017-ம் ஆண்டு அவருடைய ஆயிரமாவது ஆண்டு விழா கொண்டாடப்பட்டது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் அவருக்கு விழா நடக்கிறது. வீதியில் ஆழ்வார்களின் தமிழை ஓதிக்கொண்டு வருகிறார்கள். கையில் புத்தகம் இல்லாமலே ஓதுகிறவர்கள் பலர்.

கூரத்தாழ்வார் செய்ததும் அதுதானே!