அக்காவின் மாத்திரை டப்பாவும் டாக்டர் சுப்பாராவும்

நம் குடியிருப்பிலேயே முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் ஓரிருவராவது இருப்பார்கள். திருவையாற்றில் மேல வீதியில் இருக்கும் என் அக்காவும் சாப்பிடுகிறார். வாரத்துக்கு ஒரு நாள்தான் அந்த மாத்திரை. பிரஷர் மாத்திரையைப் போல நினைத்துக்கொண்டு போன வருஷம் அக்கா தொடர்ந்து நாலு நாள் போட்டுவிட்டார். வாயெல்லாம் புண், ஜுரம், ஆஸ்பத்திரி வாசம். தேறி வந்தபிறகு, இதைக் கண்டுபிடித்தது யார் என்று தேடினேன். நம்மவர்தான்.

எல்லப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிரசிடென்சி கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்திக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. அதற்குள் அண்ணன், தம்பி இருவரையும் ஸ்ப்ரூ என்ற வயிற்றுநோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிருந்தது.

1920களின் தொடக்கத்தில் கப்பலேறி பாஸ்டன் போனார். கர்ப்பிணியாக ஊரில் விட்டுப்போன மனைவியை அவர் பிறகு பார்க்கவே இல்லை. பிறந்த பிள்ளையும் ஒரு வயது நிறைவதற்குள் போய்விட்டது. மனைவி சேஷகிரி காத்திருந்தபடியே காலம் கழித்தார். இதைப் படித்தபோது அவர்மேல் எனக்கு வருத்தம்தான் வந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

ஹார்வர்டில் ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925ல் வெளியிட்டார். தசைக்குச் சக்தி தரும் பாஸ்போகிரியேட்டின், ஏ.டி.பி. இரண்டும் அந்த ஆய்வகத்தில்தான் அகப்பட்டன. அப்படியும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் லெடர்லே மருந்து கம்பெனிக்குப் போனார். ஸ்ப்ரூவைக் குணப்படுத்தும் ஃபோலிக் அமிலத்தை அவர் குழு அங்கே செயற்கையாகத் தயாரித்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகம் பிடித்ததாகத் தெரிந்தது. அப்படியானால் அதைத் தடுத்தால்? சுப்பாராவின் ஆட்கள் ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமுள்ள அமினோப்டெரினைச் செய்து அனுப்பினார்கள். செல் பெருக டி.என்.ஏ. வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலத்தைப் பக்குவப்படுத்தித் தர ஒரு என்சைம் வேண்டும். அந்த என்சைம் போலியை நிஜமென்று பிடித்துக்கொண்டு விடாமல் நின்றுவிடும். கள்ளக் கையெழுத்துச் செக்கை ஏற்றுக்கொண்ட குமாஸ்தா மாதிரி, கவுண்டரில் வேலை நின்றுபோகும். வேகமாகப் பெருகும் புற்றுசெல்தான் முதலில் திண்டாடும். வாய்த்தோலும் எலும்பு மஜ்ஜையும் வேகமாகப் பெருகுபவைதான். அக்காவுக்கு வாய்ப்புண் வந்தது அதனால்தான்.

1948 ஜூனில் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது, தற்காலிகமாகத்தான். ஆனால் அதுவரை ஒருவருக்கும் வழி இருந்ததில்லை. இப்போது என்சைமைத் தடுத்துப் புற்றைக் கட்டுப்படுத்தும் மருந்துகள் பல வந்துவிட்டன. செல் வளர உதவும் பாலிஅமின்களின் உற்பத்தியைத் தடுக்கும் ஒன்றுக்குக் குழந்தைகளின் நியூரோபிளாஸ்டோமாவுக்காக 2023ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

நம் டெல்டாக்காரர்களுக்கு இன்னொரு கடனும் உண்டு. யானைக்கால் நோய்க்கு அரசாங்கத்தில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மாத்திரையும் 1947ல் அவருடைய ஆய்வகத்திலிருந்து வந்ததுதான். கும்பகோணம் பக்கம் அந்தக் காலை நாம் எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறோம்!

1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே மாரடைப்பில் போனார். வயது 53.

அக்காவின் டப்பாவில் புதன்கிழமைக் கட்டத்தில் மட்டும் இப்போது மெத்தோட்ரெக்சேட். பக்கவிளைவு குறைய டாக்டர் வேறொரு நாளுக்கு எழுதியிருப்பது ஃபோலிக் அமில மாத்திரை. இரண்டுமே சுப்பாராவ் வீட்டுச் சரக்குதான். உங்கள் வீட்டில் யாராவது இதைச் சாப்பிட்டால், எந்தக் கிழமை என்று அட்டையிலேயே பெரிதாகப் பேனாவால் எழுதி வையுங்கள்.