அருள்தந்தை டேவிட் பௌயர்: பனித்தளத்தில் ஒரு குரு



ஐஸ் ஹாக்கி ஆட்டத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில்கூட முழுமையாகப் பார்த்திருக்க மாட்டோம். உறைந்த பனித்தளத்தில், சறுக்குக் காலணி அணிந்த ஆறு பேர் ஓர் அணியாக, வளைந்த மட்டையால் ஒரு ரப்பர் வில்லையை எதிரணியின் வலைக்குள் தள்ளும் ஆட்டம் அது. கிரிக்கெட்டுக்கு நம் நாட்டில் என்ன இடமோ, அதே இடம் கனடாவில் இதற்கு உண்டு. வேகமும் அதிகம், மோதலும் அதிகம். வட அமெரிக்கத் தொழில்முறை ஆட்டங்களில் இரண்டு வீரர்கள் கையுறைகளைக் கழற்றி வீசிவிட்டுக் குத்துச்சண்டை போட்டாலும், ஐந்து நிமிடம் வெளியே அமர்ந்துவிட்டு மீண்டும் ஆட வந்துவிடலாம். இந்த ஆட்டத்தின் நடுவே தம் குருத்துவ வாழ்வின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு குருவைப் பற்றி இன்று சிந்திப்போம்.

டேவிட் பௌயர் 1924-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளன்று, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள வாட்டர்லூ நகரில் பிறந்தார். ஜெர்மானியக் குடியேறிகள் நிறைந்த பகுதி அது. அருகிலிருந்த கிச்சனர் நகரின் பெயரே 1916 வரை பெர்லின்தான். முதல் உலகப் போர் காலத்தில் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள். பௌயர் குடும்பம் பிள்ளைகள் நிறைந்த கத்தோலிக்கக் குடும்பம். மூத்த சகோதரர் பாபி பௌயர், பாஸ்டன் ப்ரூயின்ஸ் என்ற தொழில்முறை அணியில் புகழ்பெற்ற வீரர். 1939-லும் 1941-லும் அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பாபி அதில் இருந்தார். ஆட்டத்தில் நன்னடத்தைக்காக வழங்கப்படும் லேடி பைங் விருதை அவர் மூன்று முறை பெற்றார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தம்பியின் பிற்கால வாழ்வைப் பார்க்கும்போது, அந்த வீட்டில் பெற்றோர் எதை விதைத்தார்கள் என்பது நமக்கு ஓரளவு விளங்குகிறது.

அண்ணனைப் போலவே தம்பியும் டொரண்டோவில் புனித மிக்கேல் பள்ளியில் படித்தார். பசிலியன் துறவற சபைக் குருக்கள் நடத்திய பள்ளி அது. படிப்புக்கும் ஹாக்கிக்கும் ஒருசேரப் பெயர் பெற்றது. ரெட் கெல்லி, பிராங்க் மகாவ்லிச் போன்ற பெரிய வீரர்கள் அங்கிருந்து வந்தவர்களே. 1944-இல் ஓஷாவா ஜெனரல்ஸ் அணிக்கு டேவிட் இரவலாகச் சென்று ஆடினார். அந்த அணி இளையோருக்கான மெமோரியல் கோப்பையை வென்றது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அண்ணன் நடந்த பாதை கண் முன்னே இருந்தது. பணமும் புகழும் அந்தப் பாதையில்தான் இருந்தன. ஆனால் அவர் பசிலியன் சபையின் நவதுறவகத்தில் சேர்ந்தார். 1953-இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

ஹாக்கியைத் துறந்துவிட்டுத்தான் அவர் துறவறம் புகுந்தார். ஆனால் சபைத் தலைவர்கள் அவரை அனுப்பிய இடம் தாம் படித்த அதே பள்ளி. அங்கே ஆசிரியப் பணியோடு ஹாக்கிப் பயிற்சியும் அவர் கைக்கே வந்து சேர்ந்தது. கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாட்டினால் ஒருவர் விட்டுவந்ததே சில வேளைகளில் திரும்பக் கிடைப்பதை நாமும் நம் குருத்துவ வாழ்வில் பார்த்திருக்கிறோம்.

அங்கே அவர் கண்ட நிலைமை அவரை உறுத்தியது. அக்காலத்தில் தேசிய ஹாக்கி லீக் எனப்படும் தொழில்முறை அமைப்பில் ஆறே ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் இளையோர் அணிகளைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. பதினைந்து, பதினாறு வயதுச் சிறுவனிடம் ஓர் ஒப்பந்தத் தாளில் கையொப்பம் வாங்கிவிட்டால், அவனுடைய ஆட்ட வாழ்வு முழுவதும் அந்த அணியின் உரிமையாகிவிடும். ஆறு அணிகளிலும் சேர்த்து நூற்றுச் சொச்சம் பேருக்கே இடம் உண்டு. அந்த இடத்துக்காக ஆயிரக்கணக்கான சிறுவர்கள் படிப்பைப் பாதியில் விட்டார்கள். தேர்வு பெறாதவனுக்குக் கையில் ஆட்டமும் இல்லை, படிப்பும் இல்லை. புனித மிக்கேல் பள்ளி அணியும் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியின் ஆதரவில்தான் இயங்கியது. ஆகவே இந்த ஏற்பாட்டின் உள்ளும் புறமும் அருள்தந்தைக்கு நன்றாகத் தெரியும்.

1961-இல் அவருடைய பள்ளி அணி எட்மன்டன் அணியை வென்று மெமோரியல் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த ஆண்டு அவர் செய்த ஒரு காரியத்தை ஹாக்கி ரசிகர்கள் நெடுங்காலம் பேசினார்கள். தம் முதன்மைக் கோல்காப்பாளரான ஜெரி சீவர்ஸைச் சில ஆட்டங்களில் வலையை விட்டு வெளியே எடுத்து, முன்கள வீரராக ஆடவைத்தார்! சீவர்ஸ் பின்னாளில் பாஸ்டன் அணியின் வலையைக் காத்து இரண்டு ஸ்டான்லி கோப்பைகளை வென்றவர். வெற்றி ஒன்றையே எண்ணும் பயிற்சியாளர் இப்படிச் செய்யத் துணிவாரா என்று நமக்குத் தோன்றுகிறது.

கோப்பையை வென்ற அதே ஆண்டில் பள்ளி அந்த உயர்நிலைப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. ஆட்டங்களின் எண்ணிக்கை பெருகி, மாணவர்கள் வகுப்பில் இருக்கும் நேரத்தைவிடப் பயணத்தில் இருக்கும் நேரம் கூடிக்கொண்டே போயிற்று. அருள்தந்தை வான்கூவரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள புனித மாற்கு கல்லூரிக்கு மாற்றப்பட்டார்.

அங்கே அவர் மனத்தில் ஒரு திட்டம் உருவானது. அதுவரை கனடா ஒலிம்பிக்கிற்கும் உலகப் போட்டிக்கும் ஏதாவது ஒரு நகரத்தின் அணியை அனுப்பிவந்தது. 1956-லும் 1960-லும் ஒலிம்பிக்கிற்குச் சென்ற கிச்சனர்-வாட்டர்லூ அணிக்குப் பயிற்சி அளித்தவர் அண்ணன் பாபியேதான். ஆனால் 1954 முதல் சோவியத் அணி களத்துக்கு வந்துவிட்டது. பெயரளவில் அவர்கள் தொழில்முறை சாராதவர்கள். உண்மையில் ஆண்டு முழுவதும் அரசுச் செலவில் ஆடியவர்கள். அவர்களுக்கு எதிராகப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்ட நிரந்தரத் தேசிய அணி ஒன்றை உருவாக்கலாம் என்று 1962-இல் கனடாவின் ஹாக்கிச் சங்கத்திடம் அருள்தந்தை முன்வைத்தார். நாட்டுக்காக ஆடுவார்கள், பட்டமும் பெறுவார்கள். மட்டையா புத்தகமா என்று ஓர் இளைஞன் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இருக்காது. சங்கம் ஒப்புக்கொண்டது. தொழில்முறை அணிகளுக்கு இது பிடிக்கவில்லை. தாங்கள் வளர்க்கும் ஆட்டக்காரர்களைப் பல்கலைக்கழகம் இழுத்துக்கொண்டால் அவர்களுக்குத்தானே நட்டம்?

1963-இல் இளைஞர்கள் வான்கூவரில் கூடினார்கள். காலையில் வகுப்பு, பிறகு பயிற்சி. அணியில் மாணவர் அல்லாதவர்களும் சிலர் இருந்தனர். கோல்காப்பாளர் சேத் மார்ட்டின் தீயணைப்பு வீரர். 1964 ஜனவரி இறுதியில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் ஒலிம்பிக் தொடங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். நாம் பணியாற்றிய ஒரு பங்கில் திருவிழாவையொட்டி நடந்த கைப்பந்துப் போட்டியில், நடுவரின் தீர்ப்பு பிடிக்காமல் இரண்டு அன்பியங்களின் இளைஞர்கள் திடலிலேயே மோதிக்கொண்டார்கள். விலக்கப்போன நாமும் பொறுமையிழந்து கத்திவிட்டோம். அன்று மாலைத் திருப்பலியில் சமாதானம் சொல்ல நமக்கே கூச்சமாக இருந்தது. அதனால்தான் இன்ஸ்ப்ரூக்கில் நடந்ததைப் படித்தபோது அது நம் மனத்தை விட்டு அகலவில்லை.

கனடா சுவீடனோடு மோதிய ஆட்டம். கனடா அணியினர் அமர்ந்திருந்த பலகையருகே நடந்த மோதலில் கார்ல் ஓபெர்க் என்ற சுவீடன் வீரரின் மட்டை உடைந்தது. கையில் எஞ்சிய துண்டை அவர் வீச, அது பயிற்சியாளராக நின்றுகொண்டிருந்த அருள்தந்தையின் நெற்றியைக் கிழித்தது. இரத்தம் வழிந்தது. தங்கள் பயிற்சியாளரும் குருவுமான ஒருவர் முகத்தில் இரத்தத்தோடு நிற்பதைக் கண்ட இளைஞர்கள் பலகையைத் தாண்டிப் பாயத் தயாரானார்கள். அவர்கள் வளர்ந்த ஹாக்கியில் அதுதான் வழக்கம். பாயாதிருந்தால்தான் கோழைத்தனம் என்பார்கள். அருள்தந்தை அவர்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்லித் தடுத்துவிட்டார். ஒருவரும் களத்தில் இறங்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது, கனடா 3-1 என்ற கணக்கில் வென்றது. ஓபெர்க் ஓர் ஆட்டத்துக்குத் தடை செய்யப்பட்டார். அதன்பின் நடந்த வேறொரு ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள், பார்வையாளர் வரிசையில் அந்த ஓபெர்க் அருள்தந்தையின் பக்கத்திலேயே அமர்ந்திருப்பதைக் கண்டார்கள். அழைத்தவர் அருள்தந்தைதான்.

பதக்க விவகாரம் இதைவிடக் கசப்பானது. செக்கோஸ்லோவாக்கியாவுடன் ஆடியபோது கனடா 1-0 என முன்னணியில் இருந்தது. அந்நேரம் மார்ட்டின் காயமுற்று வெளியேற, ஆட்டம் 3-1 என்று கைநழுவியது. கடைசி நாளில் சோவியத் அணியை வென்றிருந்தால் தங்கமே கிடைத்திருக்கும். 2-1 என்று முன்னேயும் இருந்தார்கள். இறுதியில் 3-2 என்று தோற்றார்கள். ஐந்து வெற்றி, இரண்டு தோல்வி. சுவீடனுக்கும் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் அதே கணக்கு. முதல் நான்கு அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களின் கோல் வித்தியாசத்தைப் பார்த்தால் கனடாவுக்கு வெண்கலம். கனடா வீரர்கள் எண்ணியிருந்தது அதைத்தான். ஆனால் எல்லா ஆட்டங்களின் கோல்களும் கணக்கில் எடுக்கப்பட்டன. அப்படிப் பார்த்தால் கனடாவுக்கு நான்காம் இடம். எளிய அணிகளுக்கு எதிராகக் கோல்களைக் குவிக்காமல் விட்டதன் விலை அது. பதக்கம் பெறும் நேரத்தில்தான் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று வீரர்கள் அறிந்துகொண்டார்கள். சுவீடன் ஆட்டத்தில் காட்டிய பெருந்தன்மைக்காக அருள்தந்தைக்கு மட்டும் சிறப்புத் தங்கப்பதக்கம் ஒன்று வழங்கப்பட்டது. வெறுங்கையோடு ஊர் திரும்பும் தம் பிள்ளைகள் நடுவே அதை வைத்துக்கொண்டு அவர் எப்படி உணர்ந்திருப்பார் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் அண்ணன் பாபியும் மாரடைப்பால் திடீரென இறந்துபோனார்.

அதன்பின் அணி வின்னிபெக் நகருக்கு இடம் மாறியது. பயிற்சியை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு அருள்தந்தை மேற்பார்வையாளராக நின்றார். கார்ல் பிரூவர் என்ற முன்னணித் தொழில்முறை வீரர் 1965-இல் டொரண்டோ அணியை உதறிவிட்டு, போராடித் தம் பழைய தகுதியை மீட்டு இந்த அணிக்கு வந்து சேர்ந்தார். 1966, 1967 உலகப் போட்டிகளிலும், 1968 கிரெநோபில் ஒலிம்பிக்கிலும் வெண்கலம் கிடைத்தது. தங்கம் ஒருபோதும் கிடைக்கவில்லை. ஆண்டு முழுவதும் ஒன்றாக ஆடும் சோவியத் அணியைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே ஆடும் பிள்ளைகள் வெல்வார்கள் என்பது வெறும் கனவு என்று அப்போதே பலர் குறை கூறினார்கள். ஆட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் சொன்னது தவறில்லை. தொழில்முறை வீரர்களைச் சேர்க்கலாமா என்ற தகராறில் 1970 ஜனவரியில் கனடா பன்னாட்டுப் போட்டிகளிலிருந்தே விலகியது. தேசிய அணி கலைக்கப்பட்டது. கடைசி நாள்களில் சட்டம் படித்துக்கொண்டே அதில் ஆடிவந்த கென் டிரைடன், அதன்பின் மாண்ட்ரியல் அணிக்குச் சென்று பெரும்புகழ் பெற்றார். சட்டப் படிப்பையும் முடித்தார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அருள்தந்தை ஜப்பானில் ஐஸ் ஹாக்கி வளர உதவினார். வான்கூவரில் மாணவர்களுடன் வாழ்ந்தார். 1980 லேக் பிளாசிட் ஒலிம்பிக்கிற்காகக் கனடா மீண்டும் அணி அமைத்தபோது அவரையே அழைத்தார்கள். அந்த அணியின் தலைவர் ராண்டி கிரெக், மருத்துவப் பட்டம் பெற்றவர். பின்னர் எட்மன்டன் அணியில் ஐந்து ஸ்டான்லி கோப்பைகளை வென்று, அதன்பின் மருத்துவப் பணிக்குத் திரும்பினார். அதே அணியில் டெரி ஒமாலி என்றொருவரும் இருந்தார். 1961 பள்ளி அணியிலும், 1964, 1968 ஒலிம்பிக் அணிகளிலும் அருள்தந்தையோடு இருந்தவர். அழைப்பு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஒலிம்பிக்கில், பாதி வயதுப் பையன்களோடு ஆட வந்துவிட்டார். கனடாவுக்கு ஆறாம் இடம்தான் கிடைத்தது.

அருள்தந்தை டேவிட் பௌயர் 1988 நவம்பர் 9-ஆம் நாள், தம் அறுபத்து நான்காம் பிறந்த நாள் கழிந்து ஒரு வாரத்தில், ஒண்டாரியோவின் கோடரிச் நகரில் இறைவனடி சேர்ந்தார். மறு ஆண்டு அவரது பெயர் டொரண்டோவில் உள்ள ஹாக்கிப் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டது. கால்கரி நகரில் அவர் பெயரால் ஒரு பனித்தளம் உண்டு.

2005-ஆம் ஆண்டு பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு இன்ஸ்ப்ரூக் கணக்கை மீண்டும் எடுத்துப் பார்த்தது. அந்த ஒலிம்பிக் உலகப் போட்டியாகவும் கருதப்பட்டதால், உலகப் போட்டிக்கான வெண்கலம் கனடாவுக்கே உரியது என்று ஏப்ரலில் அறிவித்தார்கள். அன்றைய மாணவர்கள் அப்போது அறுபதைத் தாண்டியிருந்தார்கள். இரண்டு மாதங்கள் கழித்து, ஜூனில் கூடிய பேரவை அந்த முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நான்காம் இடம் நான்காம் இடமாகவே நிற்கிறது.