கடற்புல்லின் நிழலை அறிந்தவர்: சேர் லான்சலொட் ஜோன்ஸின் வாழ்வு

1898 ஒக்டோபர் 13. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பிஸ்கேன் விரிகுடாவைக் கடந்து மியாமியை நோக்கி ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. படகில் இருந்த பெண்ணுக்குப் பிரசவ வலி. கரை சேருமுன்னரே படகின் அடித்தட்டில் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை தொண்ணூற்றொன்பது வயது வரை வாழ்ந்தது. அந்த வாழ்வின் பெரும்பகுதி அதே விரிகுடாவின் நடுவில், ஒரு சிறு தீவில் கழிந்தது. அவர்தான் சேர் லான்சலொட் கார்பீல்ட் ஜோன்ஸ். அமெரிக்க ஜனாதிபதிகளுக்கு மீன்பிடி வழிகாட்டியாக இருந்த கறுப்பின மனிதர்.

சேர் என்பது அவருக்கு யாரும் வழங்கிய பட்டமல்ல, பெற்றோர் வைத்த பெயர். அவருக்கு ஒரு வயது மூத்த அண்ணனின் பெயர் கிங் ஆர்தர். பழைய ஆங்கிலேயக் கதைகளில் வரும் அரசனின் பெயரையும் வீரனின் பெயரையும் தந்தை தன் பிள்ளைகளுக்குச் சூட்டினார். வயது வந்த கறுப்பினத்தவரைக்கூட வெள்ளையர் மரியாதைச் சொல் சேர்த்து அழைக்காத காலம் அது. தந்தையின் எண்ணம் எதுவாக இருந்தாலும், அந்தப் பிள்ளைகளை முழுப்பெயர் சொல்லி அழைத்த எவரும் மரியாதையோடுதான் அழைக்க வேண்டியிருந்தது.

தந்தை இஸ்ரேல் லஃபாயெட் ஜோன்ஸ் 1858இல் வட கரோலினாவில் பிறந்தவர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைமுறை அப்போது சட்டமாக இருந்தது. 1892இல் வேலை தேடித் தென் புளோரிடாவுக்கு வந்து, ஒரு விடுதியில் வேலைக்குச் சேர்ந்தார். பஹாமாஸைச் சேர்ந்த மொசெல் என்ற பெண்ணை மணந்தார். கூலிக்கு உழைத்துச் சேர்த்த பணத்தில், 1897இல் 300 டொலர் கொடுத்து போர்ஜி தீவை வாங்கினார். மறு வருடம் அருகில் இருந்த ஓல்ட் றோட்ஸ் தீவில் காணி வாங்கினார். 1911இல் ஏக்கர் ஒரு டொலர் வீதம் டொட்டன் தீவின் 212 ஏக்கரையும் வாங்கினார்.

பவளக் கல்லும் கண்டலும் நுளம்பும் நிறைந்த அந்தத் தீவுகளை அப்போது பெரிதாக யாரும் விரும்பவில்லை. கற்களுக்கு இடையில் இருந்த மண்ணில் ஜோன்ஸ் குடும்பம் அன்னாசியும் தேசியும் நட்டது. சில வருடங்களில் அந்தக் கரையோரத்தின் பெரிய தேசிக்காய் உற்பத்தியாளர்களில் ஒருவராக ஜோன்ஸ் உயர்ந்தார். பிள்ளைகளைப் படிக்கவென ஜாக்சன்வில் நகருக்கு அனுப்பினார். 1925இல், புளோரிடாவில் காணி விலை உச்சத்தில் நின்றபோது, டொட்டன் தீவை 2,50,000 டொலருக்கு விற்றார். போர்ஜி தீவை விற்கவில்லை. அங்கேதான் வீடு இருந்தது.

பிறகு வந்த சூறாவளிகள் கடல்நீரைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தன. 1932இல் தந்தை இறந்தார். 1930களின் இறுதியில் தேசித் தோட்டம் கைவிடப்பட்டது. மண் கைவிட்டபோது ஜோன்ஸ் சகோதரர்களுக்குக் கடல் கை கொடுத்தது.

போர்ஜி தீவைச் சுற்றியிருப்பது ஆழ்கடல் அல்ல. எங்கள் ஊர்ப் பரவைக்கடல் போல முழங்காலளவு, இடுப்பளவு நீர். அடியில் கடற்புல்லும் வெண்மணலும். இந்தத் தண்ணீருக்குள் பெருக்கோடு சேர்ந்து உணவு தேடி வரும் மீன்தான் போன்பிஷ். உடல் முழுக்க முள் என்பதால் இந்தப் பெயர். சாப்பாட்டுக்காக இதைத் தேடி வருவோர் குறைவு. ஆனால் தூண்டில்காரருக்கு இதைவிடச் சவாலான மீன் அபூர்வம்.

போன்பிஷின் செதில்கள் கண்ணாடி போன்றவை. மணலுக்கு மேல் நின்றால் மணலாகவும் புல்லுக்கு மேல் நின்றால் புல்லாகவும் தெரியும். மீனைக் காண முடியாது, அடியில் விழும் அதன் நிழலைத்தான் காணலாம். சில வேளை மீன் தலையைக் கீழே குத்தி, சேற்றைக் கிளறி, இறாலையும் நண்டையும் தேடும். அப்போது வாலின் நுனி நீருக்கு மேலே வெள்ளிபோல் மினுங்கும். இன்னும் சில வேளை, மீன் கிளறிவிட்ட சேற்றுக் கலங்கல் மட்டுமே அடையாளம்.

இதைப் பிடிக்க இயந்திரம் உதவாது. சத்தம் கேட்டால் கூட்டம் முழுவதும் ஒரு நொடியில் மறைந்துவிடும். வழிகாட்டி நீண்ட கோலை ஊன்றி வள்ளத்தை ஓசையின்றி நகர்த்த வேண்டும். கோல் கல்லில் தட்டக்கூடாது. சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால்தான் நீரின் அடி தெரியும், ஆனால் தன் நிழல் மீனின்மேல் விழக்கூடாது. மீன் எந்தத் திசையில் போகிறது என்று கணித்து, அதற்குச் சற்று முன்னால் இரையை மெல்ல இறக்க வேண்டும். தலைக்கு மேல் விழுந்தால் அன்றைய வேட்டை முடிந்தது. தூண்டில் கொளுவினால், ஒரே ஓட்டத்தில் நூறு மீற்றருக்கு மேல் நூலை இழுத்துக்கொண்டு பாயும்.

தூண்டில் பிடிப்பவருக்குப் பெயர் கிடைக்கும். கண்டுபிடித்துக் கொடுப்பவர் வழிகாட்டி. எந்த வற்றில் மீன் எந்த வாய்க்காலில் நிற்கும், எந்தக் காற்றில் எந்தத் தரைக்கு ஏறும் என்ற அறிவை லான்சலொட் குழந்தைப் பருவத்திலிருந்தே சேர்த்திருந்தார். பள்ளியில் இது கற்பிக்கப்படுவதில்லை.

1922இல், மியாமி பீச் நகரை உருவாக்கிய செல்வந்தர் கார்ல் பிஷர், அருகில் உள்ள அடம்ஸ் தீவில் கோகோலோபோ கே கழகத்தை அமைத்தார். தொழிலதிபர்களும் அரசியல்வாதிகளும் ஓய்வெடுக்க வந்த இடம் அது. ஜோன்ஸ் சகோதரர்கள் அந்தக் கழகத்துக்கு மீனும் சிங்கி இறாலும் கொடுத்தார்கள், விருந்தினர்களை மீன்பிடிக்க அழைத்துச் சென்றார்கள். வோரன் ஹார்டிங், ஹேர்பேட் ஹூவர், பின்னாளில் லின்டன் ஜோன்சன், றிச்சர்ட் நிக்ஸன் என்று, ஜனாதிபதிப் பதவியில் அமர்ந்த பலர் அந்தத் தீவுக்கு வந்தார்கள். லான்சலொட்டின் வள்ளத்தில் ஏறியவர்கள் அவர் சுட்டிய திசையில் பார்த்தார்கள், அவர் பேசாதிரு என்று சைகை செய்தபோது பேசாதிருந்தார்கள்.

அதே காலத்தில் கரையில் நிலைமை வேறு. மியாமி பகுதியின் கடற்கரைகளில் கறுப்பினத்தவர் குளிக்க முடியாது. கறுப்பினத்தவருக்கென வேர்ஜீனியா கீ கடற்கரை திறக்கப்பட்டது 1945இல்தான், அதுவும் போராட்டத்தின் பின். நாட்டின் அதிகாரம் மிக்க மனிதர்களுக்குக் கடலைக் காட்டிக் கொடுத்தவர், தன் ஊருக்கு அடுத்த நகரின் கடற்கரையில் கால் நனைக்க முடியாதவராக இருந்தார். அவருடைய காலடியில் இருந்த தீவு அவருடைய சொந்தக் காணி என்பதன் கனம் அப்போதுதான் விளங்கும்.

1960களில் அந்தக் காணிக்கும் நெருக்கடி வந்தது. அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் காணிச் சொந்தக்காரர்கள் சிலர் சேர்ந்து, தீவுகளை ஐலண்டியா என்ற நகரமாகப் பதிவு செய்தார்கள். தீவுகளைப் பாலங்களால் இணைத்து விடுதிகளும் மாடிக் கட்டடங்களும் எழுப்புவது நோக்கம். அடுத்து, விரிகுடாவின் கரையில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் துறைமுகமும் அமைக்கும் சீடேட் திட்டம் வந்தது. கப்பல் வருவதற்கு ஆழமற்ற அடித்தரையை நாற்பது அடி ஆழத்துக்குத் தோண்ட வேண்டும். தோண்டினால் கடற்புல் போகும். புல் போனால் இறாலும் நண்டும் போகும். அவை போனால் போன்பிஷ் வராது.

தீவுகளில் காணி வைத்திருந்த பெரும்பாலானோர் அங்கே வசிக்கவில்லை. நிரந்தரமாக வாழ்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களில் லான்சலொட் ஒருவர். அவர் ஐலண்டியா திட்டத்தை ஏற்கவில்லை, கட்டட முதலாளிகளுக்குக் காணியை விற்கவுமில்லை. 1966இல் அண்ணன் ஆர்தர் இறந்தபின் தனித்து நின்றபோதும் அந்த முடிவு மாறவில்லை.

விரிகுடாவைக் காக்க வேண்டும் என்ற இயக்கம் வலுத்தது. தோல்வி உறுதி என்று தெரிந்ததும், ஐலண்டியா ஆதரவாளர்கள் 1968இல் எலியட் தீவின் நெடுக சுமார் 11 கிலோமீற்றர் நீளத்துக்கு ஆறு வழிச் சாலை அகலத்தில் காட்டை புல்டோசரால் அழித்தார்கள். அதற்கு மக்கள் வைத்த பெயரே வன்மச் சாலை என்ற பொருளில்தான். ஆனாலும் 1968 ஒக்டோபர் 18 அன்று ஜனாதிபதி லின்டன் ஜோன்சன் கையெழுத்திட்ட சட்டத்தால் பிஸ்கேன் பகுதி தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டது. ஒரு காலத்தில் அந்தத் தீவுகளுக்கு மீன்பிடிக்க வந்தவர் அவர்.

1970இல் லான்சலொட் தன் குடும்பக் காணியைத் தேசியப் பூங்காச் சேவைக்கு விற்றார். விலை சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் டொலர். தான் இறக்கும்வரை போர்ஜி தீவிலேயே வாழும் உரிமையை, எங்கள் உறுதிகளில் எழுதுவதுபோல் சொன்னால் சீவிய உரித்தை, தன்னிடமே வைத்துக்கொண்டார்.

அரசாங்கம் காணி எடுக்கிறது என்றால் எங்களுக்கு நினைவுக்கு வருவது முட்கம்பியும் அறிவித்தல் பலகையும். காட்டுக்கென்றும் சரணாலயத்துக்கென்றும் எல்லைக்கல் நடப்படும்போது, அங்கே வாழ்ந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. லான்சலொட்டின் கதையில் வித்தியாசம் இதுதான்: உறுதி அவர் கையில் இருந்தது. யாருக்கு விற்பது, எந்த நிபந்தனையில் விற்பது என்பதை அவர் தீர்மானித்தார். இயற்கையைக் காப்பதற்கு அவரை அங்கிருந்து வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை. அவர் அங்கே இருந்ததே இயற்கைக்குக் காவலாக இருந்தது.

பூங்கா வந்த பின்னரும் அவர் வேலை முடியவில்லை. தீவுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடற்பஞ்சையும் கடலின் உயிர்களையும் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். 1982இல், தந்தை கட்டிய வீடு தீயில் எரிந்தது. அப்போது அவருக்கு வயது எண்பத்துமூன்று. கரைக்குப் போகாமல், அதே தீவில் ஒரு சிறு கொட்டிலில் தொடர்ந்து வாழ்ந்தார்.

அவரைக் கடைசியில் கரையேற்றியது அன்ட்ரூ சூறாவளி. 1992 ஓகஸ்ட் 24 அன்று அது தென் புளோரிடாவைத் தாக்குமுன், பூங்காக் காவலர்கள் அவரைத் தீவிலிருந்து அழைத்து வந்தார்கள். கொட்டில் மிஞ்சவில்லை. அவர் மீண்டும் அங்கே வசிக்கப் போகவில்லை. 1997 டிசெம்பர் 22 அன்று, தொண்ணூற்றொன்பதாவது வயதில் காலமானார்.

போர்ஜி தீவில் இன்று இருப்பது வீட்டின் அத்திவாரமும் காடேறிய தோட்டமும். 2013இல் அந்த இடம் அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. புளோரிடாவில் போன்பிஷைப் பிடித்தால் உயிரோடு விட்டுவிட வேண்டும் என்ற விதியும் வந்தது. ஐலண்டியாவின் மாடிக் கட்டடங்கள் எழவில்லை, சீடேட்டின் கப்பல்கள் வரவில்லை. பெருக்கு ஏறும் நேரத்தில் அந்தத் தரைகளில் இன்றும் வள்ளங்கள் ஓசையின்றிக் கோலூன்றி நகர்கின்றன. முன்னால் நிற்பவர், நீருக்குள் ஒரு நிழலைத் தேடுகிறார்.